குதிரைப் பொம்மைக்குச் சிக்கெடுப்பவள்

பொம்மைக் குதிரையின் முடியை நுனியிலிருந்துதான் சீவ ஆரம்பிக்க வேண்டும். வேரிலிருந்து ஆரம்பித்தால் முடி சீப்போடு வந்துவிடும். என் தொழிலில் குதிரையைப் பற்றிய பாடம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைக் கொண்டுவருகிற ஆட்களைப் பற்றிய பாடம். அதை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.

இராமநாதபுரத்தில் செல்வி அக்கா நடத்தும் பியூட்டி பார்லரில் முன் அறை மனிதர்களுக்கு, பின் அறை குதிரைகளுக்கு. எல்லாம் உள்ளங்கையில் உட்காருகிற பிளாஸ்டிக் குதிரைக்குட்டிகள். ரோஸ், ஊதா, இளம்பச்சை என்று உடம்பு. பிடரிக்கும் வாலுக்கும் நைலான் முடி. எங்கள் பெரியபட்டினம் பக்கம் சவூதியிலும் துபாயிலும் வேலை பார்த்த வாப்பாமார், அதாவது அப்பாமார், சோப்புக்கும் டார்ச் லைட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே இதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகிப் போய்விட்டார்கள். குதிரைகள் அலமாரியில் நின்று சிக்குப் பிடித்துவிட்டன. இப்போது அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். என் காக்கா, அதாவது அண்ணன், மகளின் குதிரைக்கு நான் சிக்கெடுத்ததை ஒருமுறை வீடியோ பிடித்துப் போட்டேன். அன்றைக்குப் பிடித்தது இந்தக் குதிரை வேலை. மணப்பெண்களுக்குச் சடை போட வேலைக்குச் சேர்ந்தவள், குதிரைகளோடு பின் அறைக்குப் போய்விட்டேன்.

தையல்காரர்களே, வாட்ச் ரிப்பேர்க்காரர்களே, கிழிந்த போட்டோவை ஒட்டிக் கொடுக்கிறவர்களே, "பழசைப் புதுசாக்கித் தாரேன்" என்று தெரியாமல் வாயை விட்டுவிட்ட அத்தனை பேருமே, உங்களுக்கும் இப்படியெல்லாம் நடந்திருக்கும். நடந்திருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்

கீழக்கரையிலிருந்து ஒரு உம்மா துணிப்பையில் சுற்றி ஒரு குதிரையைக் கொண்டுவந்தார். பையைத் திறப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பழைய தேங்காய் எண்ணெயின் காறல் வாடை. முன் அறையில் பேஷியல் போட்டுக்கொண்டிருந்த பெண் கண்ணில் வெள்ளரிக்காயோடு எழுந்து உட்கார்ந்து, "அக்கா, என்னமோ அடுப்புல கருகுது" என்றாள். குதிரையின் பிடரி, தலையோடு ஒட்டிய ஒரு பிசின் கட்டியாக இருந்தது. நைலான் முடி எண்ணெயைக் குடிக்காது. எண்ணெய் மேலேயே தங்கி, தூசியைப் பிடித்து, கடைசியில் தார் மாதிரி இறுகிவிடும்.

கோயம்புத்தூரில் படிக்கும் மகளுடைய குதிரையாம். "பத்திரமாப் பாத்துக்கங்க உம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். உம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து, வாரி, சாம்பிராணிப் புகையும் காட்டியிருக்கிறார். பாத்திரம் கழுவும் சோப்பில் ஊற வைத்து, அலசி, மறுபடி ஊற வைத்து, பவுடர் போட்டு உறிஞ்ச வைத்து, ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். முடி ஒருவழியாகப் பிரிந்தது. வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது உடம்புக்குள்ளேயே இறங்கிவிட்டது.

வாங்க வந்தபோது, இனிமேல் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் காட்டக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். "பொம்மைக்குப் போய் யாராவது எண்ணெய் வைப்பாங்களா, மாமி?" என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் குதிரையின் பிடரியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். மகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து எண்ணெய் பிடிக்காது என்று தலையைத் தொடவிடுவதில்லையாம். இப்போது தோள்வரைக்கும் வெட்டிக்கொண்டுவிட்டாளாம். பிறகு பையை மடித்தபடி சொன்னார்:

"அவ தலையில வைக்க விட்டிருந்தா, நான் ஏம்மா இதுக்கு வைக்கப்போறேன்?"

குட்டியானையில் வந்த குதிரை

எங்கள் போர்டை எழுதிய பெயின்டருக்கு இடம் பற்றவில்லை. "பொம்மைக் குதிரைகளுக்கு முடி சீர்செய்து தரப்படும்" என்று எழுதச் சொன்னோம், "பொம்மை"யை விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் வாசலில் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. அதற்குள் ஒரு உயிருள்ள மட்டக்குதிரை நின்றது.

வந்தவர் பெயர் காளிமுத்து. தனுஷ்கோடி மணலில் சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளை அந்தக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று நடத்திக் கொண்டுவருவாராம். குதிரைக்குக் கால் வீங்கியதால் மாட்டு டாக்டரிடம் காட்ட இராமநாதபுரம் வந்திருக்கிறார். திரும்பும் வழியில் போர்டு கண்ணில் பட்டிருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் தொங்கிவிட்டது. "பிடரி பூரா சடை விழுந்து போச்சும்மா. பாக்க நல்லா இல்லைன்னு பிள்ளைக ஏற மாட்டேங்குது. பக்கத்துல புதுசா ரெண்டு வெள்ளைக் குதிரை வந்துருச்சு" என்றார். செல்வி அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அக்கா முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மாடு கன்றைப் பார்த்து வளர்ந்தவர். "ஏத்தா நஸீமா, வந்தது வந்துருச்சு. சீப்பை எடுத்துட்டு வா" என்றார்.

வண்டியில் ஏறி நின்று, என்னுடைய ஸ்டீல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்தேன். உப்பும் மணலும் நெருஞ்சி முள்ளுமாக இருந்தது. நிஜக் குதிரையை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை, பயமாகத்தான் இருந்தது. அக்கா ஒரு குடம் தண்ணீரில் கண்டிஷனரைக் கலந்து ஊற்றிக் கொடுத்தார். பாதி பிடரி பிரிந்தபோது அந்தக் குதிரை தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, அப்படியே என் தோளில் சாய்ந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். காளிமுத்து சிரிக்கவில்லை. வீங்கிய காலையும் அதன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகச் சொன்னார்:

"இத்தன வருசமா என்கிட்ட நிக்குது. ஒரு நாளும் கண்ண மூடி நின்னதில்ல."

வாலுக்குள் துரு

எங்கள் தெருவிலேயே இருக்கும் ஜமால் மாமா ஒரு குதிரையை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்தார். முன்பக்கம் கண்ணாடித் தாள் ஒட்டிய பெட்டி, பிரிக்கவே இல்லை. முடியில் கடையில் போட்ட சுருள் கலையாமல் இருந்தது. இப்படி ஒன்று கிடைத்தால் சேகரிக்கிறவர்கள் கையில் எடுக்கவே பயப்படுவார்கள். மாமா சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தபோது முதல் லீவில் மகளுக்காக வாங்கி வந்தது. "விளையாடினாக் கெட்டுரும்" என்று ஷோகேஸின் மேல் தட்டில் வைத்துவிட்டார். மகள் ஸ்டூலில் ஏறி நின்று கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருப்பாளாம். இப்போது அவள் மலேசியாவில் இருக்கிறாள், லீவுக்கு வரப்போகிறாள். இந்தத் தடவை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. வாலில் ஏதோ பழுப்பாகத் தெரிகிறது, துடைத்துக் கொடு என்றார்.

பெட்டியைப் பிரித்துக் குதிரையை எடுத்தேன். இந்தப் பழைய குதிரைகளின் வால், உடம்புக்குள்ளே ஒரு சின்ன இரும்பு வளையத்தில் மாட்டியிருக்கும். கடல்காற்று கண்ணாடி அலமாரிக்குள்ளும் போகும், பெட்டிக்குள்ளும் போகும். வளையம் துருப்பிடித்து, அந்தத் துரு வால் முடியின் வேரிலிருந்து கசிந்து, பின்னங்கால் வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. தலையை வெந்நீரில் இளக்கிக் கழற்றி உள்ளே பார்த்தேன். வயிற்றுக்குள் துருத்தூள் கொட்டியது. வால் முடியில் பாதி தொட்டதும் ஒடிந்தது. வளையத்தை எடுத்துவிட்டு நைலான் நூலால் கட்டி, அதே நிறத்தில் புது முடி சேர்த்து, கறையை முடிந்தவரைக்கும் எடுத்தேன். காலில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் போகவில்லை.

மாமாவிடம் ஒடிந்த முடியையும் வளையத்தையும் காட்டி விளக்கினேன். யாரும் தொடாத பொருள் எப்படிக் கெட்டது என்பது அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு ஒடிந்த முடியை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த வளையத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கெடத்தான் போகுதுன்னா, அவ கையிலேயே கெட்டிருக்கலாம், வாப்பா" என்றார். எங்கள் ஊரில் பாசம் வந்தால் பிள்ளைகளையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

தீர்த்தம்

சென்னையிலிருந்து கார்த்திக் என்று ஒரு தம்பி. கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருஷமாகக் கூரியரில் குதிரை அனுப்பிக்கொண்டிருந்தவர், அப்பா அம்மாவோடு இராமேஸ்வரம் வந்தபோது நேரிலேயே வந்துவிட்டார். அங்கே அம்மா ஒவ்வொரு தீர்த்தமாகக் குளித்துக்கொண்டிருக்க, இங்கே பிள்ளை ஒரு சூட்கேஸ் நிறையக் குதிரைகளை இறக்கி, நான் அவற்றைப் பிளாஸ்டிக் பேசின்களில் ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் நல்லா ரெடி பண்ணிக் குடுங்கக்கா. போட்டோ எடுத்துப் போட்டு வித்துடப்போறேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், ஆம்பிளைப் பிள்ளை அலமாரி நிறைய ரோஸ் கலர் குதிரை வைத்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா அழுதாராம். "ஒண்ணையாவது வச்சுக்கங்க தம்பி" என்றேன். நீலப் பிடரி வைத்த ஒரு மஞ்சள் குதிரையைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மறுபடி மற்றவற்றோடு வைத்துவிட்டார். நானும் இன்னொரு தடவை சொல்லவில்லை.

அன்றைக்கு அத்தனை குதிரைக்கும் ஸ்ட்ராவில் முடியைச் சுற்றி, வெந்நீர் ஊற்றி, சுருள் விழ வைத்துக் கொடுத்தேன். என் கையால் அவ்வளவு அழகாக வந்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, போட்ட வேகத்தில் எல்லாம் விற்றுப்போய்விட்டன.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து போன் பண்ணினார். வீட்டுக்கு வந்த பெண், காலியான கண்ணாடி அலமாரியைத் துடைக்கப் போயிருக்கிறாள். தட்டில் வெயில் படாத இடங்களில் சின்னச் சின்னதாகக் குளம்புத் தடம். என்ன இது என்று கேட்டிருக்கிறாள். இவரும் மறைக்காமல் சொல்லி, போனில் இருந்த படங்களைக் காட்டியிருக்கிறார். அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாளாம். "அப்புறம்?" என்றேன்.

"'எனக்குன்னு ஒண்ணுகூட எடுத்து வைக்கலையா'ன்னு கேட்டா, அக்கா."

மூன்று புரி

சுகந்தி என்று ஒரு அம்மா, ஊர் இலங்கையில் மன்னார்ப் பக்கம். சின்ன வயதில் படகில் இந்தக் கரைக்கு வந்து, மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்து, பிறகு கனடா போய்விட்டவர். முகாமில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவர், ஒரு வெள்ளைக் குதிரையை என்னிடம் கொண்டுவந்தார். முகாமில் யாரோ கொடுத்த பழைய பொம்மை. அதன் பிடரி முழுவதும் ஒரே சடையாகப் பின்னியிருந்தது. பின்னி எத்தனையோ காலம் ஆகி, அழுக்கேறிக் கயிறு மாதிரி இறுகிப்போயிருந்தது. முகாமுக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று இவர் அழுவாராம். அம்மா இவருக்கு ஒரு சடை பின்னி, குதிரைக்கும் ஒரு சடை பின்னி, "இப்ப ரெண்டு பேரும் வெளிக்கிட்டாச்சு" என்று சொல்லிப் புறப்பட வைப்பாராம். அம்மா முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அது அவர் கடைசியாகப் போட்ட சடை.

எனக்குக் கை வரவில்லை. "சடையை அப்படியே விட்டுட்டு மத்ததை மட்டும் துடைச்சுத் தரவா?" என்று கேட்டேன். "இல்லை, அவிழ்த்துக் கழுவுங்கோ. மகளின்ர கையில குடுக்கப்போறன். உள்ளுக்கு ஊத்தை இருக்கும்" என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். வேலை ஆரம்பிக்குமுன் எல்லாக் குதிரையையும் படம் எடுப்பது என் வழக்கம், எடுத்துக்கொண்டேன். கண்டிஷனரில் ஊற வைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு மடிப்பாகத் தளர்த்தினேன். அவிழ்த்த பிறகும் முடி, சடை இருந்த வளைவிலேயே அலை அலையாக நின்றது. நைலானுக்கு அப்படி ஒரு ஞாபகம் உண்டு. அதைப் போக்க வெந்நீர் ஊற்ற வேண்டும். கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். செல்வி அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "சொன்ன வேலையைச் செய்யித்தா, அவுகளுக்குத் தெரியாததா" என்றார். ஊற்றினேன். முடி பட்டு மாதிரி நேராக விழுந்தது.

மறுநாள் வந்தவர், குதிரையைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். அதன் பிறகு முன் அறை நாற்காலியில் உட்கார்ந்து, தானே சடை பின்னப் பார்த்தார். அவருக்குக் கிராப்பு முடி, பின்னிப் பழக்கமில்லை. இரண்டு தடவை பின்னி, இரண்டு தடவையும் அவிழ்த்தார். "அம்மா எத்தினை புரி போட்டவ எண்டு நான் பார்க்கவே இல்லை" என்று என்னிடம் நீட்டினார். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாதாரண மூன்று புரிதான். அதே இறுக்கம், அதே இடத்தில் முடிச்சு என்று படத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரியாத்தான் கிடக்கு. ஆனா இது உங்கட கை."

கரைவலையில் வந்தது

பாம்பனில் கரைவலை இழுக்கும் அந்தோணி அண்ணனுக்கு, வலையில் மீனோடு ஒரு பிளாஸ்டிக் குதிரை வந்தது. முடி ஒன்றுகூட இல்லை. தலையில் வரிசையாக ஓட்டைகள் மட்டும். பாறையில் ஒட்டுமே கொட்டலசு, அது வயிற்றில் ஒட்டி வளர்ந்து, சுரண்டிய இடத்தில் வட்டமாகத் தழும்பு இருந்தது. அவருடைய மகள் ஸ்டெல்லா, சின்னப் பிள்ளை, அதைக் கீழேயே வைக்கவில்லையாம். முடி வைத்துத் தாருங்கள் என்று இரண்டு பேரும் வந்தார்கள். என்ன கலர் வேண்டும் என்று கேட்டேன். ரோஸ், ஊதா, தங்கக்கலர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தன் சடையை எடுத்துக் காட்டி, "இந்தக் கலர்" என்றாள். கறுப்பு முடி வைத்த பொம்மைக் குதிரையை நான் அதுவரைக்கும் செய்ததில்லை. ஓட்டை ஓட்டையாக ஊசியில் கோத்து வைத்தேன். படம் எடுத்து இணையத்திலும் போட்டேன். அதுதான் வினை. அது கிடைப்பதற்கு அரிதான குதிரை என்று ஒரு சேகரிப்பாளர் எழுதினார்; கொடுத்தால் பெட்டி பிரிக்காத பெரிய புதுக் குதிரை ஒன்று பதிலுக்குத் தருவதாகச் சொன்னார்.

சேதியைச் சொன்னதும் அந்தோணி அண்ணன் குதிரையை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். "பிள்ளைகிட்டக் கேட்டீங்களாண்ணே?" என்றேன். "சின்னப் பிள்ளதானம்மா. பெருசா புதுசப் பாத்தா மறந்துரும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் பஞ்சு வைத்து, பெட்டி கட்டி, அனுப்பி வைத்தேன். புதுக் குதிரை வந்தது. ஸ்டெல்லா அதன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பழையதைக் கட்டிலுக்கு அடியிலும், கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்துக்கு அடியிலும் தேடிக்கொண்டிருந்தாளாம். திருப்பிக் கேட்டுச் சேகரிப்பாளருக்கு எழுதினேன்; பதில் இல்லை. கடைசியில் அண்ணன் என் முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அதே மாதிரி ஒண்ணு இருந்தா, அதே மாதிரி கறுப்பு முடி வச்சுத் தாங்கம்மா. தேடி எடுத்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

என்னிடம் உதிரிக்கு வைத்திருந்த குதிரைகளில் அதே அச்சு ஒன்று கிடைத்தது. கறுப்பு முடி வைத்தேன். வயிற்றில் உப்புத்தாளால் தேய்த்து வட்டமாக ஒரு தழும்பும் உண்டாக்கினேன். வெயிலில் வைத்து நிறத்தை மங்க வைத்தேன். இவ்வளவு ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஸ்டெல்லாவை அழைத்துவந்தார். குதிரையைக் கையில் வாங்கினாள். புரட்டி வயிற்றைப் பார்த்தாள். கட்டைவிரலால் தழும்பைத் தடவினாள். பிறகு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பைக்கை எடுக்க வெளியே போனதும், அவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். காதில் சொன்னாள்:

"இது அது இல்லக்கா. அப்பாகிட்டச் சொல்லாதீங்க."

கை வலி மிச்சம்

என் வீட்டுக்காரரும் சவூதியில்தான் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததைவிடப் போனில் பேசியதுதான் அதிகம். போனில் பேச எனக்கு இருந்த ஒரே விஷயம் குதிரை. இன்றைக்கு என்ன வந்தது, எந்த முடி பிரியவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் "ம்" போடுவார். அவர் கேட்கிறாரா, தூங்கிவிட்டாரா என்றே சில சமயம் தெரியாது. ஊசி தள்ளித் தள்ளிப் பெருவிரல் மூட்டு வலிக்கிறது என்று எப்போதாவது சொல்வேன். அதற்கும் "ம்" தான். இவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று நானாக முடிவு பண்ணி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். பேச்சு சாப்பாட்டிலும் மழையிலும் வந்து நின்றுவிட்டது.

போன லீவில் வந்தவர், மற்ற சாமான்களையெல்லாம் அவருடைய உம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியை மட்டும் என் கையில் தனியாகக் கொடுத்தார். பிரித்தேன். ஒரு குதிரை. இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒருவர் வாங்கிக் கொடுத்த முதல் குதிரை. ஆனால் அதற்கு முடி இல்லை. பிடரியும் வாலும் உடம்போடு சேர்த்துப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்தது. சீவவும் முடியாது, பின்னவும் முடியாது. பழக்கத்தில் என் விரல் பிடரியின் நுனியைத் தேடியது. போனில் சொல்லாமல் விட்ட அத்தனை குதிரையும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் என் பெருவிரலைப் பிடித்து மூட்டை மெதுவாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கடை கடையாத் தேடிப் பிடிச்சேன் நஸீமா. இதுல முடி சிக்கவே சிக்காது. உனக்குக் கை வலி மிச்சம்."

இத்தனை வருஷத்தில் எந்தக் குதிரையும் என் வேலையில் ஒரு குறையும் சொன்னதில்லை; பேசத் தெரிந்தவர்கள் கூடவே வந்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே கஷ்டம்.